வாயில்லா ஜீவனும் வாய் இருந்த நானும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ‘நான் செய்த ஒரு நல்ல காரியம்’ என்று எழுதித் தரும்படி தமிழம்மா சொன்னார்கள். எங்கள் நாய்க்கு வயிறு சரியில்லாமல் போனபோது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதை எழுதுகிறேன் என்று நானே முந்திக்கொண்டு கை தூக்கினேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த நல்ல காரியத்தை எழுத வேண்டுமென்றால், அதற்கு முன்னால் நான் செய்த ஒரு கெட்ட காரியத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இது மூன்றாவது தாள்.

எங்கள் நாயின் பெயர் மணி. மேலே இருக்கும் படம் என் தம்பி வரைந்தது. ஆடு மாதிரி இருக்கிறது என்று சிரிக்காதீர்கள், அது மணிதான். செவலை நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. சாதாரண நாட்டு நாய். ராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டதாம். எங்கள் மணிக்கு அந்தப் பெருமை எல்லாம் கிடையாது. ஆனால் ராத்திரி எங்கள் ஆட்டுக் கொட்டகைக்குள் புது ஆள் யாரும் கால் வைக்க முடியாது. காலையில் என்னைப் பள்ளிக்கூட வேப்பமரம் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் திரும்பும். பிரேயரில் ஒருநாள் என் பின்னால் வந்து நின்று, நான் திட்டு வாங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

மணியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோழியைக் கண்டால் விரட்டும். எதிர்வீட்டு அத்தை கோழி வளர்க்கிறார்கள். போன பங்குனியில் அவர்களுடைய கோழிக்குஞ்சு ஒன்றை மணி கவ்வி, அது செத்துப்போய்விட்டது. அப்போது அத்தை கோபத்தில், “இந்த நாய்க்கு ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் நான் மருந்து வைக்கத்தான் போறேன்” என்று தெருவில் நின்று சொன்னார்கள். சொன்னது அவ்வளவுதான். மறுநாளே மணிக்குப் பழைய சோறும் வைத்தார்கள். கோபத்தில் நாம் எல்லோரும் பேசுவதுதானே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குலசாமி கோயிலில் கெடாவெட்டு. சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் ஒரு சட்டி நிறைய எலும்பும், கொழுப்பும், எண்ணெய் மிதக்கிற குழம்பும் மீந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா, “இதைக் கொண்டுபோய் உரக்குழியில கொட்டி மண்ணைத் தள்ளிட்டு வா. நாயிக்கு வச்சிராத” என்றார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மணிக்கு முழுவதையும் வைத்துவிட்டேன். அதுவும் வருஷத்துக்கு ஒருநாள் சாப்பிடட்டுமே என்று நினைத்தேன். நினைத்தது பாசத்தில்தான். உரக்குழி வரை நடக்கச் சோம்பேறித்தனமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அப்பத்தா கூப்பிட்ட சத்தத்தில்தான் விழித்தேன். வாசலில் மூன்று இடத்தில் மணி கக்கி வைத்திருந்தது. தண்ணீராகக் கழிச்சல் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஒரு தடவை ஆட்டிவிட்டு, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் சுருண்டு படுத்துக்கொண்டது. முதுகைக் கூனிக்கொண்டு திரும்பவும் எழுந்து கக்கியது.

அப்பத்தா, “இது ஏதோ மருந்து தின்னுருக்கு” என்றார்கள். அவ்வளவுதான், அம்மாவுக்குப் பங்குனி மாதப் பேச்சு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தெருவில் இறங்கி, “எங்க நாயி கோழிய வெரட்டுச்சுன்னா எங்ககிட்ட வந்து சொல்லணும் மதினி. அதுக்காக வாயில்லா ஜீவனுக்கு மருந்தா வைப்பீக?” என்று கத்தினார்கள். அத்தை வெளியில் வந்து, “எம் பிள்ளைக மேல சத்தியமா நான் வைக்கல மதினி” என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தெரியும். ‘அம்மா, நான்தான் கறிக்குழம்பு வைத்தேன்’ என்று நாலு வார்த்தை சொன்னால் சண்டை அந்த நிமிஷமே நின்றிருக்கும். வாய் வரவில்லை. அடி விழும் என்கிற பயம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்துவிட்டேன்.

அத்தையின் மகள் என் வகுப்புதான். பெயர் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், ஆனால் உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். தினமும் என் பக்கத்தில் உட்காருபவள் அன்றைக்குக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. சிலர் அவளை ‘நாய்க்கு மருந்து வச்ச வீடு’ என்று சொன்னார்கள். அதுவும் என் காதில் விழுந்தது. அப்போதும் நான் பேசவில்லை.

மதியம் சத்துணவு மணி அடித்தபிறகு அறிவியல் டீச்சரிடம் போய், “டீச்சர், நாய்க்கு வாந்தி பேதின்னா காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா?” என்று கேட்டேன். வீட்டில் தகர டப்பாவில் எனக்குக் கொடுத்த மாத்திரை நாலைந்து மீதி இருந்தது. டீச்சர் பதறிப்போய், “கொடுத்திராதம்மா. நாம சாப்பிடுற பாரசிட்டமால் நாயோட ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்து. வலி மாத்திரைகளும் அப்படித்தான், குடலைப் புண்ணாக்கும்” என்றார்கள். நான் கேட்காமல் போயிருந்தால் சாயங்காலம் மணிக்கு அதைத்தான் கொடுத்திருப்பேன்.

டீச்சர் இன்னும் இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று, பிடரித் தோலை லேசாகத் தூக்கிவிட்டால் அது உடனே படிந்துவிட வேண்டும். மெதுவாக இறங்கினால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். இரண்டு, உதட்டை விலக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் திரும்பவும் ரோஸ் நிறத்துக்கு வர வேண்டும். “நம்ம வீட்டு நாய், நல்லாப் பழகினதுன்னா மட்டும் பாரு. எச்சில் ஒழுகிக்கிட்டு, முழுங்க முடியாம, நடவடிக்கையே மாறி இருக்கிற நாய் வாய்ப் பக்கம் கையே கொண்டுபோகக் கூடாது. அது வெறிநோயாக்கூட இருக்கலாம். நாளைக்குக் காலையிலேயே மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்கள்.

சாயங்காலம் ஓடிப்போய்ப் பார்த்தேன். பிடரித் தோல் கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கியது. ஈறு ரோஸ் நிறமாக இருந்தது. அப்பத்தா உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி மிச்சத்தையும் கக்க வைக்கலாம் என்று சொம்போடு வந்தார்கள். டீச்சர் சொன்னதைச் சொல்லி, எதுவும் ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சித் தடுத்தேன். மணி ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் குடித்தது, குடித்த வேகத்தில் கக்கியது. அதனால் பானையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சிரட்டையில் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் மட்டும் வைத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே அளவு. அப்படி வைத்தபோது தண்ணீர் உள்ளே தங்கியது. ராத்திரி பதினொரு மணி வரை நான் வைத்தேன், அதற்குப் பிறகு அப்பா வைத்தார்கள். அப்பா கயிற்றுக் கட்டிலைக் கொட்டகைப் பக்கம் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி மணி கக்கவில்லை. கழிச்சல் மட்டும் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மணியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் எடை பார்க்கச் சொன்னார்கள். மணி மிஷினில் நிற்குமா? அப்பா மணியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், 74 கிலோ. அப்பா மட்டும் நின்றார்கள், 58 கிலோ. 74-இல் 58 போனால் 16. மருந்து எல்லாம் எடைக்குத் தகுந்த மாதிரிதான் கொடுக்க வேண்டுமாம். காய்ச்சல் பார்த்தார்கள், 102 டிகிரி. நான் பயந்துவிட்டேன். “நமக்குத்தான் அது காய்ச்சல். நாய்க்கு 101-லிருந்து 102.5 வரைக்கும் சாதாரணம்தான்” என்று டாக்டரம்மா சிரித்தார்கள். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. “என்ன சாப்பிட்டுச்சு?”

அப்பா, “எதிர்வீட்டுல எலி மருந்து வச்சிருப்பாங்களோன்னு சந்தேகமா இருக்கும்மா” என்றார்கள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, “வலிப்பு வந்துச்சா? நுரை தள்ளுச்சா? எங்கயாவது ரத்தம் வந்துச்சா?” என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். “எலி மருந்துன்னா அதுக்கு வைத்தியமே வேற. சாப்பாட்டுக் கோளாறுன்னா வேற. இது வாயில்லா ஜீவன், எங்கிட்ட எதையும் சொல்லாது. இதுக்குப் பதிலா நீங்கதான் சொல்லணும். ஊகத்துல சொல்லாதீங்க, பார்த்ததைச் சொல்லுங்க” என்றார்கள்.

மணி மேஜையில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாகப் பேச வேண்டிய ஆள் நான்தான். “நான்தாம்மா கறிக்குழம்பும் எலும்பும் வச்சேன், ஒரு சட்டி நிறைய” என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

டாக்டரம்மா மறுபடியும் வயிற்றை நன்றாக அமுக்கிப் பார்த்து, எலும்பு எதுவும் அடைத்த மாதிரி இல்லை என்றார்கள். வாந்திக்கு ஒரு ஊசி போட்டார்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார்கள். நான் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டிலும் நாய் இருக்கும், அதனால் அப்படியே தருகிறேன்.

1. வாந்தி எடுக்கிற பெரிய நாய்க்கு அரை நாள் சாப்பாடு வைக்காமல் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம். தண்ணீரை நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். குட்டி நாயைப் பட்டினி போடவே கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

2. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் போட்டிருக்கிற அளவுப்படி, ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தானாக நக்கிக் குடித்தால்தான். வாயைத் திறந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

3. வாந்தி நின்றபிறகு குழைய வேகவைத்த சோறு மூன்று பங்கு, தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு. கோழி இல்லை என்றால் வேகவைத்த முட்டை. உப்பு, மிளகாய், எண்ணெய், மசாலா எதுவும் சேர்க்கக் கூடாது. ஒரு நேரத்துக்கு ஒரு கைப்பிடி, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

4. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, அதன் ரத்த அணுக்களைக் கெடுக்கும். திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும். ஒரேயடியாகக் கொழுப்பு தின்றால் கணையம் வீங்கிவிடும். வயிறு சரியில்லாத நேரத்தில் பாலும் வேண்டாம், கழிச்சல் அதிகமாகும்.

5. கழிச்சலில் ரத்தம் வந்தாலும், தார் மாதிரி கறுப்பாகப் போனாலும், தண்ணீர்கூட உள்ளே நிற்காவிட்டாலும், ஈறு வெளுத்தாலும், வயிறு உப்பினாலும் வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. குட்டிகளுக்குப் பார்வோ என்று ஒரு வைரஸ் நோய் வரும். 1978-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்களாம். ரத்தமாகக் கழிந்து சில நாளிலேயே செத்துப்போகும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

6. அள்ளிப் போட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூச்சி மருந்தையும், வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசியையும் மறக்கக் கூடாது.

திரும்பி வரும்போது அப்பா பாதி வழியில் வண்டியை நிறுத்தினார்கள். “எதிர்வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லு. உனக்காக நான் சொல்ல மாட்டேன்” என்றார்கள். அவ்வளவுதான் பேசினார்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது முதுகில் இரண்டு விழுந்தது. பிறகு அம்மா வெகுநேரம் அடுப்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிர்வீட்டுக்குப் போனேன். நாலடி தூரம்தான், அன்றைக்கு ரொம்பத் தூரமாக இருந்தது. அத்தை நெல் புடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முழுவதும் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்கள். கடைசியில், “ஒங்கம்மா தெருவுல நின்னு கத்துச்சு. நீ வீட்டுக்குள்ள வந்து குசுகுசுன்னு சொன்னா சரியாப் போச்சாத்தா?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அழுதுகொண்டு திரும்பினேன். நான் வாசலைத் தாண்டும்போது, “சோத்தை நல்லாக் குழைய விடு” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள், என் தோழி, இரண்டு முட்டையைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். மணி விரட்டுகிற அதே கோழிகளின் முட்டை.

அந்த முட்டையை அவித்துச் சோற்றில் பிசைந்து, ஆறவைத்து ஒரு கைப்பிடி வைத்தேன். மணி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் விரலில் எடுத்து நீட்டினேன். நக்கியது. அரைப்பிடி சாப்பிட்டது. அது உள்ளே தங்குமா என்று நானும் தம்பியும் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். தங்கியது. புதன்கிழமை நாலு தடவை சாப்பிட்டது. வியாழக்கிழமை காலையில் தம்பி கொட்டகையிலிருந்து, “அக்கா, மணி கெட்டியாப் போயிருக்கு!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். நாய் கெட்டியாகப் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். உடனே பழைய சாப்பாட்டுக்கு மாற்றாமல், நாலு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான சோற்றைக் கலந்து வைத்தோம். வெள்ளிக்கிழமை மினி பஸ்ஸைப் பார்த்துக் குரைத்தது. சனிக்கிழமை கோழியைப் பார்த்தது. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் பகலில் கோழி மேய்கிற நேரத்தில் மணியைக் கட்டித்தான் போடுகிறோம். அதை அம்மாதான் சொன்னார்கள்.

அம்மா மூன்று நாள் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை குழாயடியில் எல்லோரும் இருக்கும்போது, “மதினி, நான் பேசுனது தப்பு. எம் பொண்ணு செஞ்ச வேலை அது” என்றார்கள். அத்தை, “சரி மதினி, கொடத்தை நகட்டுங்க, என் தண்ணி வழியுது” என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் பேச்சு வந்துவிட்டது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரும் எதையும் திருத்திச் சொல்லவில்லை. இன்னும் ஒன்றிரண்டு பேர் என் தோழியை அந்தப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம்கூட அவள் கைகழுவும் இடத்தில் அழுததைப் பார்த்தேன். அத்தை கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது. தப்பு தெருவில் நடந்தால் தெருவில்தான் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்தில் பரவினால் பள்ளிக்கூடத்தில்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தச் சுவரில் எழுதுகிறேன்.

எங்கள் மணிக்கு யாரும் மருந்து வைக்கவில்லை. அதை நோயாக்கியது நான். அதைத் தேற்ற முட்டை கொடுத்தது அவர்கள் வீடு. இதைப் படிப்பவர்கள், படிக்காதவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இனிமேல் யாராவது அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், என்னைக் கூப்பிடுங்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

மணி பேசாததற்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வாய் இல்லை. எனக்கு இருந்தது. ஒரு நாள் முழுக்க அதை மூடி வைத்திருந்தேன்.

இரண்டாவது வரிசையில் என் பக்கத்து இடத்தில் நான் பையை வைத்து இடம் பிடித்திருக்கிறேன். அவள் எப்போது வந்தாலும் எடுத்துவிடுவேன்.



இப்படிக்கு,
மணியின் வீட்டுக்காரி,
ஒன்பதாம் வகுப்பு.